விரல் அறியாத எழுத்து

க்ரோன்வால்ட் வெள்ளிப் பட்டறையில் கடைசி மேசை, வெளிச்சம் வராத மூலையில் இருந்தது. சன்னலோரத்து இடங்களெல்லாம் அரம் போடுபவர்களுக்கும் சித்திர வேலைக்காரர்களுக்கும் உரியவை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அந்த இருட்டு மூலையைப் பார்த்துவிட்டு, அது ஏதோ தண்டனைக்குரிய இடம் என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அந்தப் பட்டறையிலேயே உயர்ந்த இருக்கை அதுதான். சூப்புக் கரண்டியானாலும், ஞானஸ்நானக் கெண்டியானாலும், அரசர் அளிக்கும் சிலுவையானாலும் அந்த மேசையைத் தாண்டாமல் எதுவும் வாசலைத் தாண்டியதில்லை. அங்கே அமர்ந்திருந்தவர் அல்வில்டா தோர்ஸ்கோவ். அவருக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. அவர் கண்களை மூடிக்கொண்டுதான் பொருள்களைச் சரிபார்ப்பார்.

மெருகேறிய வெள்ளி கண்ணை ஏமாற்றும். பளபளப்புக்குள் சிறு பிசிறு ஒளிந்துகொள்ளும். பற்றவைத்த இடத்தின் மேடு நிழலைப் போலத் தோன்றும். விரல் நுனியை அப்படி ஏமாற்ற முடியாது. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு கரண்டியின் விளிம்பை ஒருமுறை ஓடவிட்டு, "கழுத்துல ஒரு பிசிறு" என்று அவர் திருப்பித் தருவார். வாங்கியவர் பூதக்கண்ணாடி வைத்துத் தேடி, தலையை ஆட்டிக்கொண்டே அரத்தை எடுப்பார்.

அவர் பிறந்தது கோபன்ஹேகனில், கிறிஸ்தியான்ஸ்ஹாவ்ன் கால்வாயோரத்தில். தந்தை கப்பல் பலகைகளின் இடுக்குகளில் தார்க்கயிறு அடைப்பவர். பதினைந்தாம் வயதில் தேவாலயத்தில் உறுதிபூசுதல் முடிந்த கையோடு, பட்டறையின் மெருகு அறையில் அல்வில்டாவைச் சேர்த்துவிட்டார்கள். அக்காலத்தில் அந்த அறை ஒன்றே பெண்களுக்குரியது. சுழலும் சக்கரத்தில் செந்தூளைத் தடவி, அதில் வெள்ளியை அழுத்திப் பிடிக்க வேண்டும். மாலையில் தலைமுடி, இமை, நகக்கண் அனைத்தும் சிவந்து வெளியே வருவார்கள். டிராமில் அவர்களுக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். "ஓரமா நில்லுங்க, வேகவச்ச நண்டு வருது!" என்று டிராம் நடத்துநர் கூவுவாராம். "சும்மாதானே கூவுற? வெண்ணெயும் எலுமிச்சம்பழமும் கொண்டா பார்ப்போம்" என்று அல்வில்டா பதில் சொல்வாராம். இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அரமும் ஊதுகுழலும் ஆண்களுடையவையாகவே இருந்தன, போர் வரும் வரையில். அந்நியப் படை நாட்டைப் பிடித்திருந்த ஆண்டுகளில் பட்டறையின் ஆண்களில் சிலர் தலைமறைவானார்கள், எரிவாயு பங்கீட்டுக்கு வந்தது, வெள்ளியே கிடைக்கவில்லை. மக்கள் பழைய முட்கரண்டிகளைக் கொண்டுவந்து கொடுத்துத் திருமணக் கரண்டிகளாக மாற்றிக்கொண்டார்கள். அப்போது ஊதுகுழலை எடுத்த பெண் அல்வில்டாதான். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. யாரும் கீழே வைக்கச் சொல்லவுமில்லை. பிறகு, சரிபார்ப்பு மேசையில் இருந்த முதியவர் ஓய்வு பெற்றபோது, முதலாளி க்ரோன்வால்ட் ஒரு தட்டு நிறைய கரண்டிகளை அவர்முன் வைத்தார். அவற்றில் பழுதுள்ளதைக் கண்களை மூடியபடியே அல்வில்டா எடுத்துக் கொடுத்தார். மெருகு அறையிலிருந்து அந்த மேசைக்குப் போன முதல் பெண் அவர்.

முதலாளியின் பாட்டனார் ஊர் ஊராகச் சுற்றித் தொழில் கற்ற கூலியாளாகத் தலைநகருக்கு வந்தவர். ஒரு பின்முற்றத்தில் பட்டறை போட்டு, அரண்மனையின் உப்புக்கிண்ணங்களைப் பழுதுபார்த்துப் பெயர் வாங்கியவர். அதற்கு ஈடாகக் கிடைத்ததுதான் வாசலுக்கு மேலே தொங்கிய பொன்முலாம் பூசிய கிரீடப் பலகை. 'அரசவைப் பொற்கொல்லர்' என்பது அதன் பொருள். ஆனால் அந்தப் பட்டம் பரம்பரைச் சொத்தன்று. அரசர் மறைந்தால் பலகையின் ஆயுளும் முடியும். புதிய அரசர் மீண்டும் அளித்தால்தான் அது அங்கே தொங்கலாம்.

சிலுவைகளின் நிலையும் ஏறக்குறைய அதுவே. நெடுநாள் நேர்மையாக உழைத்த நிலையத் தலைவர், ஊர்ப் பெரியவர், கப்பல் வழிகாட்டி போன்றோருக்கு அரசர் வெள்ளிச் சிலுவை அளிப்பார். அதை அணியலாம், உடைமையாக்கிக்கொள்ள முடியாது. அணிந்தவர் இறந்ததும் குடும்பத்தார் அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். அது பட்டறைக்கு வந்து, கழுவி மெருகிட்டு, வேறொருவர் மார்புக்குப் போகும். ஆகவே அல்வில்டாவின் மேசைக்குப் புதிய பொருள்கள் ஒருபுறம் வந்தால், இறந்தவர்களின் சிலுவைகள் மறுபுறம் வந்தன. முதுகுப்புறத்தைத் தடவிப் பார்த்தே, "இவரு தினமும் போட்டிருக்காரு. இவரு பெட்டிக்குள்ளேயே பூட்டி வச்சிருக்காரு" என்று அவர் சொல்வதுண்டு.

போர் முடிந்து இரண்டாம் ஆண்டின் வசந்தத்தில் பழைய அரசர் காலமானார். சிலுவையின் உச்சியில் ஒரு சிறு வளையம் உண்டு. அதில் அரசரின் பெயரெழுத்தும் அதன்மேல் ஒரு கிரீடமும் சேர்ந்த சின்னம் கோக்கப்பட்டிருக்கும். அரசர் மாறினால் அந்தச் சின்னமும் மாற வேண்டும். கைவசம் இருந்த எல்லாச் சிலுவைகளிலிருந்தும் பழைய எழுத்தைக் கழற்றி, உருக்குவதற்கான பெட்டியில் போட்டுவிட்டுப் புதிய எழுத்தைப் பற்றவைக்கும் வேலை கோடை முழுவதும் நடந்தது. எங்கள் நாட்டு அரசர்கள் கிறிஸ்தியான், ஃபிரெடரிக் என்னும் இரண்டே பெயர்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொள்வது தலைமுறை தலைமுறையான வழக்கம். "பழைய அச்சைத் தூக்கிப் போட்டுடாதீங்கடா, பேரன் வருவான்" என்பது பட்டறைக்காரர்களின் கேலி.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில், ஒரு சனிக்கிழமைக் காலையில், முதலாளி க்ரோன்வால்ட் அல்வில்டாவின் மேசைக்கு வந்து தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதில் புதிய எழுத்து ஒன்று இருந்தது.

"இது தட்டுல மிச்சமா இருந்துச்சு" என்றார்.

அல்வில்டா கண்ணைத் திறந்து பார்த்தார். தட்டில் ஒரு புதிய எழுத்து மிஞ்சியிருக்கிறது என்றால், எங்கோ ஒரு சிலுவை பழைய எழுத்தோடு வெளியே போயிருக்கிறது என்று பொருள்.

"போன வாரம் அனுப்பினது மூணுதான், ஐயா."

"நகரத்துல இருக்கிற ரெண்டு பேரு வீட்டுக்கும் காலையிலேயே ஆள் அனுப்பிப் பார்த்தாச்சு. அதுங்க சரியா இருக்கு. மூணாவது டிராகோர்ல. ஒரு கப்பல் வழிகாட்டி."

"மாட்டினவர் மறந்திருக்காரு."

"மாட்டினவன் மறந்தது அரைத் தப்பு. பார்க்க வேண்டியவ பார்க்காம விட்டது முழுத் தப்பு." முதலாளி குரலை உயர்த்தவில்லை. "திங்கட்கிழமை அந்த ஆளு நன்றி சொல்ல அரண்மனைக்குப் போறாரு. புது அரசர் முன்னாடி, செத்துப்போன அரசரோட எழுத்தைக் குத்திக்கிட்டு நிப்பாரு. நம்ம வாசல் பலகைக்கு இன்னும் பதில் வரல, தெரியுமில்ல?"

"தெரியும் ஐயா."

"அது அப்படியே உள்ள போச்சுன்னா, செவ்வாய்க்கிழமை நீ செந்தூள் அறையில இருப்ப."

அல்வில்டா புதிய எழுத்தை வாங்கி ஒரு தகரப் பெட்டியில் வைத்தார். சாராய விளக்கு, ஊதுகுழல், இடுக்கி, வெங்காரம், பற்றவைக்கும் வெள்ளிப் பொடி ஆகியவற்றையும் அதில் அடுக்கிக்கொண்டு கடலோர ஊரான டிராகோருக்குப் போகும் பேருந்தில் ஏறினார்.

அந்தக் கப்பல் வழிகாட்டி என் தந்தையார், டீர்க் ஸ்வாரர்.

நான் அப்போது நகரப் பள்ளியொன்றில் புதிதாகச் சேர்ந்திருந்த ஆசிரியை. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருவேன். அன்று நான் வந்தபோது, தந்தையார் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை அணிந்து, சிலுவையைக் குத்திக்கொண்டு, நிலைக்கண்ணாடியின் முன் குனிந்து வணங்கிப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். தாயார் மார்கென் சமையலறை மேசையில் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு சாண் குனிஞ்சீங்கன்னா, அரசரோட முகத்தைப் பார்க்க மாட்டீங்க, பூட்சைத்தான் பார்ப்பீங்க" என்றார் தாயார்.

"வாழ்க்கை முழுக்கக் கப்பல் ஏணியில ஏறினவன்டி நான். எனக்கு ஏறத்தான் தெரியும். குனியறது இப்பத்தான் கத்துக்கறேன்."

"அதை எங்கிட்ட கத்துக்கிட்டிருந்தா இந்நேரம் தேறியிருப்பீங்க."

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. தகரப் பெட்டியோடு நின்ற பெண், தாம் க்ரோன்வால்ட் பட்டறையிலிருந்து வருவதாகச் சொன்னதும் தந்தையாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"மார்கென், காப்பி போடு! சிலுவையோட அம்மா வந்திருக்காங்க!"

"காப்பி அப்புறம் குடிக்கிறேன், ஐயா" என்றார் அல்வில்டா. "முதல்ல வந்த விஷயத்தைச் சொல்லிடறேன். கேட்டதுக்கு அப்புறம் நீங்க காப்பி குடுப்பீங்களோ, கதவைக் காட்டுவீங்களோ."

நின்றவாறே, எதையும் குறைக்காமல், கூட்டாமல் சொன்னார். தவறான எழுத்து. திங்கட்கிழமை. தம்முடைய மேசை.

தந்தையார் சிரிப்பை நிறுத்தினார். மார்பிலிருந்த சிலுவையை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"எந்த ராசாவோட எழுத்துன்னு எனக்குத் தெரியாதா? பெட்டியைத் திறந்த அன்னைக்கே பார்த்துட்டேன். போறதுக்கு முன்னாடி பெரியவரே எனக்குன்னு கையெழுத்துப் போட்டு வச்சிட்டுப் போயிருக்காருன்னு நினைச்சேன்."

"இல்லைங்க ஐயா. அது என் தப்பு."

"அப்படின்னா அது நல்ல தப்பு. இருந்துட்டுப் போகட்டும்."

"ஐயா..."

"இதைக் கேளும்மா. என் தொப்பியில ஒரு பித்தளை வில்லை இருந்துச்சு, இதே எழுத்துதான். மூடுபனியில, ராவுல, ஐஸ்ல, எந்த நாட்டுக் கப்பல்ல ஏறினாலும் மாலுமி என் மூஞ்சியைப் பார்க்க மாட்டான், வில்லையைத்தான் பார்ப்பான். பார்த்துட்டு வழி விடுவான். ஓய்வு வாங்குன அன்னைக்குத் தொப்பியைக் குடுன்னான், குடுத்தேன். வில்லையாவது இருக்கட்டும்னேன், அதெல்லாம் கெடையாதுன்னுட்டான். இப்ப அந்த எழுத்து தானா என்னைத் தேடி வந்திருக்கு. அதையும் பிடுங்கிட்டுப் போக வந்திருக்க. புது அரசர் நல்லவராத்தான் இருப்பாரு. ஆனா அவரு எழுத்தை வச்சுக்கிட்டு நான் ஒரு தோணியைக்கூடக் கரை சேர்த்ததில்ல."

"நீங்க குடுக்கலன்னா நான் மறுபடி மெருகு அறைக்குப் போகணும்" என்றார் அல்வில்டா. கெஞ்சும் குரல் இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

"நான் ஒரு கப்பலை மணல்ல ஏத்தினா, மறுநாள் போய்க் கடலை மாத்திக் குடுங்கன்னு கேட்க முடியுமா?"

"முடியாது."

"பின்னே?"

"நீங்க சொல்றது நியாயந்தான்" என்று அல்வில்டா தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்விட்டார். தாயார் மீன்கத்தியை மேசையில் ஓங்கி வைத்தார். கத்தியின் ஓசை என்ன சொல்லிற்று என்பது எங்கள் வீட்டில் அனைவருக்கும் தெரியும்.

தந்தையார் சற்று இறங்கிவந்தார். "நில்லும்மா. ஒண்ணு மட்டும் சொல்லு. இவ்வளவு பெரிய எழுத்து, குருடனுக்கும் தெரியுமே. எப்படி விட்ட?"

"நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பார்ப்பேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

"விரலாலதான் ஐயா. பிசிறு இருக்கா, பத்த வச்ச இடம் மேடா இருக்கான்னு. கிரீடம் ரெண்டு ராசாவுக்கும் ஒண்ணுதான். அதுக்குக் கீழ ஓரமெல்லாம் வழவழன்னு இருந்துச்சு. நான் பிசிறைத் தேடினேன், பிசிறு இல்ல. எழுத்தைத் தேடல. அதனால அது எனக்குத் தெரியல."

தந்தையார் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய ஆழம் பார்க்கும் ஈயக்குண்டை எடுத்துவந்து மேசைமேல், மீன்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதோட அடியில குழி இருக்கு பாரு. அதுல கொழுப்பைத் தடவி இறக்குவோம். கடலடி மணல் ஒட்டிக்கிட்டு வரும். மூடுபனியில கண்ணு எதுக்கு ஆகும்? அந்த மணலை ரெண்டு விரல்ல தேய்ச்சுப் பார்த்து, எந்தத் திட்டுமேல நிக்கிறோம்னு சொல்லுவேன். நைசு மணல்னா ஒரு இடம், சிப்பித்தூள் கலந்திருந்தா இன்னொரு இடம். இந்தக் கரையில என் விரலை நம்பாதவன் கிடையாது." ஈயக்குண்டைப் புரட்டி வைத்தார். "ஒருநாள் சிப்பித்தூள் வந்துச்சு. இன்ன இடம்னு அடிச்சுச் சொல்லிட்டேன். அதே சிப்பித்தூள் வடக்குத் திட்டுலயும் உண்டு. ஃபின்லாந்து மரக்கப்பல். மெதுவாத்தான் போய் ஏறுச்சு, பாய்ல படுக்கிற மாதிரி."

"அப்புறம்?" என்றார் அல்வில்டா.

"அப்புறம் என்ன, அந்தக் குளிர்காலம் முழுக்கக் கப்பல் வேலை இல்லாம, என் அப்பா வயல்ல இவரு கோசு வெட்டினாரு" என்றார் தாயார். "இன்னைக்கும் கோசு வச்சா சாப்பிட மாட்டாரு."

"விரல் பொய் சொல்லாது" என்றார் தந்தையார், ஈயக்குண்டைத் தடவிக்கொண்டே. "கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும். அவ்வளவுதான்."

மார்பிலிருந்து சிலுவையைக் கழற்றி அல்வில்டாவின் முன் வைத்தார்.

"இங்கேயே மாத்து, என் கண்ணு முன்னாடி. ஆனா பழைய எழுத்து எனக்கு வேணும்."

"அது உருக்குற பெட்டிக்குப் போகணும், ஐயா. அதுதான் சட்டம்."

"அப்ப சிலுவையும் இல்ல."

அல்வில்டா தகரப் பெட்டியை மேசைமேல் வைத்தார். இரண்டு வழியிலும் அவருடைய மேசை ஆட்டங்கண்டது. எழுத்தைக் கொடுத்தால், பட்டறைப் பொருளை வெளியே விட்டவர் ஆவார். கொடுக்காவிட்டால், திங்கட்கிழமை வந்துவிடும்.

"இந்தச் சிலுவையே உங்களுக்கு இரவல்தான்" என்றார் கடைசியில். "அதையும் இரவலா வச்சுக்குங்க. சொந்தமாத் தர எனக்கு உரிமை இல்ல. உங்க காலத்துக்கு அப்புறம் ரெண்டும் திரும்பி வரணும்."

"வரும்" என்றது தாயாரின் குரல், தந்தையாருக்கு முன்னதாகவே.

பிறகு அல்வில்டா, "ஒரு உருளைக்கிழங்கு குடுங்கம்மா. வேகவைக்காதது" என்றார்.

தாயார் திகைத்தார். அல்வில்டா கிழங்கை இரண்டாக அறுத்து, ஒரு பாதியில் கீறி, சிலுவையை அதனுள் செருகி, உச்சி வளையம் மட்டும் வெளியே தெரியும்படி நிறுத்தினார். ஈரமான கிழங்கு சூட்டைத் தான் வாங்கிக்கொண்டு, மெருகு கறுக்காமல் காக்கும்.

"அரசர் குடுத்த சிலுவைக்கு என் உருளைக்கிழங்கா!" என்று தாயார் வாயில் கைவைத்தார்.

"அரண்மனை நகைக்கும் இதேதான்மா. அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான்."

வளையத்தை இடுக்கியால் திறந்து பழைய எழுத்தைக் கழற்றினார். புதியதைக் கோத்து மூடினார். வெங்காரம் தடவி, பொடியை ஒரு தூசியளவு வைத்தார். சாராய விளக்கின் சுடரை ஊதுகுழலால் ஊசிபோல் வளைத்தார். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்; மூச்சை விட்டவர் அவர் ஒருவரே. பொடி உருகி, ஒரு கணம் நீர்போல மின்னி, வளையத்துக்குள் ஓடி மறைந்தது. கிழங்கு சற்று வெந்துவிட்டது. பற்றவைத்த இடத்தை அல்வில்டா கண்களை மூடித் தடவிப் பார்த்தார். பிறகு கண்களைத் திறந்து மறுமுறை பார்த்தார்.

காப்பி வந்தது. பொரித்த மீனும் கறுப்பு ரொட்டியும் வந்தன. தந்தையார் தம் பங்குக்கு ஸ்நாப்ஸ் சாராயப் புட்டியைக் கொண்டுவந்தார்.

திங்கட்கிழமை அரண்மனையில் என்ன நடந்தது என்று கேட்டதற்குத் தந்தையார் சொன்ன பதில் இதுதான்: "வரிசையில பின்னாடி நின்னவரோட பூட்சு கிரீச் கிரீச்சுன்னுச்சு. எல்லாரும் அதைத்தான் பார்த்தாங்க. என் மாரை எவனும் பார்க்கல." பழைய எழுத்து அவருடைய காற்சட்டைப் பையில் இருந்தது, கட்டைவிரல் அதன்மேல் இருந்தது. குளிர்காலம் முடிவதற்குள் பட்டறை வாசலுக்குப் புதிய பலகை வந்தது. அல்வில்டா அவருடைய மூலையிலேயே இருந்தார்.

அதன்பின் நாங்கள் நண்பர்களானோம். ஞாயிறு பிற்பகல்களில் கிறிஸ்தியான்ஸ்ஹாவ்னில் அவருடைய இரண்டாம் மாடி வீட்டுக்குப் போவேன். அவர் காப்பியைக் கலக்கும் கரண்டி எனக்கு வியப்பளித்தது. நல்ல வெள்ளி, பெயர் வெட்டிய ஞானஸ்நானக் கரண்டி, ஆனால் கைப்பிடியின் வால்முனை இல்லை, நேர்க்கோடாக வெட்டப்பட்டிருந்தது. உடைந்துவிட்டதா என்று கேட்டேன். "வெட்டினேன்" என்றார். "உருக்குற பெட்டி எடை குறைஞ்சா, அந்தப் பெட்டியைப் பார்த்துக்கிறவர் தலைதான் உருளும். என் தப்புக்கு அவரு ஏன்?" டிராகோரில் விட்டுவந்த எழுத்துக்கு ஈடாகத் தம் பெயர்க் கரண்டியின் வாலை அந்தச் சனிக்கிழமையே பெட்டிக்குள் போட்டிருக்கிறார்.

தம் மேசையில் அவர் ஒன்றைமட்டும் மாற்றிக்கொண்டார். முன்போலவே கண்களை மூடுவார். ஆனால் பிசிறுக்கு ஒருமுறையும், எழுத்துக்கு ஒருமுறையுமாக இருமுறை விரலை ஓட்டுவார். சில மாதங்களில் எந்த அரசரின் எழுத்து, எந்த ஆண்டின் முத்திரை என்பதையெல்லாம் விரலாலேயே வாசிக்கத் தொடங்கினார்.

தந்தையார் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பிப்ரவரி மாதத்தில், கடல் உறைந்திருந்தபோது காலமானார். அடக்கம் முடிந்த வாரத்தில் நான் பள்ளிக்குத் திரும்பிவிட்டேன். தாயார் சிலுவையைத் தந்தையாரின் புகையிலை டப்பியில் வைத்து, பழைய எழுத்தையும் பாய்மர நூலால் அதனோடு சேர்த்துக் கட்டி, முறைப்படி விருது அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். பிறகு அதை அறிந்து நான் பதறிப்போனேன். எழுத்தை அல்வில்டாவின் கையில் தனியாகக் கொடுத்திருக்கலாமே என்றேன்.

"ஏன் தனியா? இரவல்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. வரும்னு நான் சொன்னேன். நம்ம வீட்டுல இரவல் எதுவும் தங்கினது கெடையாது."

திரும்பிவரும் பொட்டலங்களை அலுவலகம் பிரிப்பதில்லை. அப்படியே பட்டறைக்கு அனுப்பும். அங்கே சரிபார்ப்பவரும் முதலாளியும் சேர்ந்துதான் பிரிக்க வேண்டும். புகையிலை டப்பியைத் திறந்தவுடன் அல்வில்டாவுக்குப் புரிந்துவிட்டது. அடுத்து நடந்ததை அவர் என்னிடம் சொன்னவாறே எழுதுகிறேன்.

முதலாளி க்ரோன்வால்டுக்கு அப்போது கண் மங்கத் தொடங்கியிருந்தது. நூல்முடிச்சைத் தூக்கிப் பிடித்தார். "இது என்ன? பழைய எழுத்தா? அதையெல்லாம் அந்த வருஷமே உருக்கியாச்சே."

"ஒண்ணு உருக்கல, ஐயா."

நின்றவாறே, எதையும் குறைக்காமல், கூட்டாமல் சொன்னார். உருளைக்கிழங்கையும் விடவில்லை.

"அன்னைக்கு எடை சரியா இருந்துச்சே."

"என் கரண்டி வாலைப் போட்டேன்."

பட்டறையில் அரங்களின் ஓசை நின்றிருந்தது, எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரசரின் எழுத்தை வெளியே விட்டவரைச் சரிபார்ப்பு மேசையில் வைத்திருக்க முடியாது என்பது, அங்கிருந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

"செந்தூள் அறைக்கு அனுப்புறதா இருந்தா அனுப்புங்க, ஐயா. இந்தத் தட்டை முடிச்சிட்டுப் போறேன்" என்றார் அல்வில்டா.

முதலாளி முடிச்சை அவிழ்த்தார். "கண்ணை மூடு" என்றார். அல்வில்டா மூடினார். அவருடைய உள்ளங்கையில் முதலாளி அந்த எழுத்தை வைத்தார். "இப்பல்லாம் விரலாலேயே படிக்கிறியாமே. எல்லாரும் சொல்றாங்க. எந்த அரசரோட எழுத்து இது?"

அல்வில்டா விரலை ஓட்டினார். மீண்டும் ஓட்டினார். கிரீடத்தின் முத்துகள் இல்லை. வளைவின் விளிம்பு இல்லை. எழுத்து இருந்த இடம் கூழாங்கல்லைப் போல் இருந்தது. ஒரு மனிதர் நாள் தவறாமல் தம் பைக்குள் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

பதில் அவருக்குத் தெரியும். கண்ணைத் திறந்திருந்தபோது பார்த்ததுதானே. ஆனால் கேட்கப்பட்டது விரலிடம்.

"விரலுக்குத் தெரியல, ஐயா" என்றார். "எழுத்து தேய்ஞ்சு போச்சு."

முதலாளி அதைத் திரும்ப வாங்கித் தாமும் தடவிப் பார்த்தார். பூதக்கண்ணாடியை அவர் எடுக்கவில்லை.

"எனக்கும் தெரியல" என்றார். "எழுத்து இல்லன்னா அது அரசரோடது இல்ல. வெறும் வெள்ளி. அந்த வெள்ளிக்கு உன் கரண்டி வாலை அன்னைக்கே போட்டுட்ட." அதை அல்வில்டாவின் மேசையில் வைத்துவிட்டுத் திரும்பினார். இரண்டடி போய், "தட்டுல இன்னும் என்னென்ன இருக்கு? சாயங்காலத்துக்குள்ள போகணும்" என்றார்.

அரங்கள் மீண்டும் ஓடத் தொடங்கின.

என் தந்தையாரின் சிலுவை அவ்வாண்டின் கோடையில் யூட்லாந்தில் ஒரு ரயில் நிலையத் தலைவருக்குப் போயிற்று. அல்வில்டா ஓய்வு பெறும் வரையில் அந்த இருட்டு மூலையில்தான் இருந்தார். அவர் வீட்டில் காப்பி குடிக்கும்போது ஞானஸ்நானக் கரண்டியைப் பார்ப்பேன். அதன் வெட்டுப்பட்ட முனையில், வேறு நிறத்தில், சற்றே கோணலாக, மழமழவென்று ஒரு சிறு வெள்ளித் துண்டு பற்றவைக்கப்பட்டிருந்தது. ஒருமுறை தாயார் என்னுடன் வந்திருந்தார். சர்க்கரையைக் கலக்கிவிட்டு, கரண்டியை வைக்காமல், அந்த முனையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே வெகுநேரம் கால்வாயைப் பார்த்திருந்தார்.

"ஆறிப்போகுதும்மா" என்றார் அல்வில்டா.

தாயார் கரண்டியைத் துடைத்து, அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காப்பியைக் குடித்தார்.